பிள்ளை பெற்றவளின் மறுபிறவி

"பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறவி" என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அம்மொழியின் பொருளை நாம் பாதியளவே உணர்ந்திருக்கிறோம் என்று தோன்றுகிறது. குழந்தையின் முதல் அழுகுரல் காதில் விழுந்ததும், 'தாயும் சேயும் நலம்' என்று ஊருக்குச் செய்தி அனுப்பி, அண்டை அயலாருக்குச் சர்க்கரை வழங்கி, மறுபிறவி முடிந்துவிட்டதென்று மகிழ்கிறோம். பாட்டிமார் அவ்வாறு எண்ணவில்லை. பெற்றவளின் உடலை அவர்கள் 'பச்சை உடம்பு' என்றனர். சூளையில் இடாத மண் பச்சை மண்; ஆறாத புண் பச்சைப் புண்; அவ்வாறே இன்னும் தேறாத உடல் பச்சை உடம்பு. பிள்ளை பிறந்த பின்னரும் தாயின் மறுபிறவி நடந்துகொண்டே இருக்கிறது என்பதே அச்சொல்லின் உட்பொருள்.

பழைய நூல்களின் கருத்தும் இதுவே. மகப்பேற்றுக்குப் பின் ஒன்றரை மாதம் வரை பெண்ணைச் 'சூதிகை' என்று வழங்கி, அவளுக்கு உணவிலும் நடையிலும் தனிக் காவல் வேண்டும் என்று சுசுருத சங்கிதை விதிக்கிறது. இன்றைய மருத்துவம் இக்காலத்தை ஆறு வாரம், அதாவது 42 நாள் என்று கணக்கிடுகிறது. இரண்டு கணக்குக்கும் இடையே உள்ள வேறுபாடு மூன்றே நாள்.

என் பாட்டியாரின் தங்கை, தலைச்சன் பிள்ளையைப் பெற்ற ஒன்பதாம் நாள் இறந்தார். அவர் எப்படி இறந்தார் என்று சிறுவயதில் கேட்டபோது, 'சன்னி கண்டு போய்விட்டாள்' என்ற ஒரே விடை கிடைத்தது. பின்னாளில் ஒரு முறை பாட்டியார் சற்று விரிவாகச் சொன்னார்: "ஐந்தாம் நாள் மாலை குளிருகிறது என்றாள். மார்கழி மாதம், குளிராமல் என்ன செய்யும் என்று கம்பளி கொண்டுவந்து போர்த்தினோம்." அவ்வளவுதான். அந்தக் கம்பளியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் எழும். அவர் தம் உடலில் கண்ட குறியைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். கேட்டவர்களுக்குத்தான் அதன் பொருள் விளங்கவில்லை.

மகப்பேற்று மருத்துவத்தின் வரலாற்றைப் படிக்குங்கால், இந்தக் கதை எங்கள் குடும்பத்துக்கு மட்டும் உரியதன்று என்று தெரிகிறது. அரண்மனையிலும் நடந்தது; அறிஞர் இல்லத்திலும் நடந்தது; ஐரோப்பாவின் தலைசிறந்த மருத்துவமனையிலும் நடந்தது. குறியைக் கண்டவர் எக்காலத்திலும் இருந்தனர். அவர்தம் சொல்லைக் கேட்டவரே அரியர். இவ்வுண்மையைச் சில வரலாற்று நிகழ்ச்சிகளால் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தாஜ்மகால் சொல்லும் செய்தி

ஊரிலிருந்து உறவினர் வந்தால் வடநாட்டில் வாழும் நம்மவர் முதலில் அழைத்துச் செல்லும் இடம் ஆக்ரா. அங்குள்ள பளிங்கு மாளிகையைக் காதலின் சின்னம் என்று போற்றுகிறோம். அது ஒரு பிள்ளைப்பேற்று மரணத்தின் சின்னமும் ஆகும் என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

1631 ஆம் ஆண்டு ஜூன் மாதம், தக்காணப் படையெடுப்பின்போது, தபதி ஆற்றங்கரையிலுள்ள புர்ஹான்பூரில் மும்தாஜ் மகால் தம் பதினான்காவது குழந்தையைப் பெற்றார். பிறந்தது பெண். குழந்தை பிழைத்தது, தாய் பிழைக்கவில்லை. அப்போது மும்தாஜுக்கு வயது 38. பேற்றுக்குப் பின் உண்டான உதிரப்பெருக்கே காரணமாயிருக்க வேண்டும் என்று இன்றைய மருத்துவர் பலர் கருதுகின்றனர். முதலில் ஆற்றங்கரைத் தோட்டமொன்றில் அடக்கம் செய்யப்பெற்ற உடல், அவ்வாண்டின் இறுதியில் ஆக்ராவுக்குக் கொண்டுவரப்பட்டது.

உலகிலேயே பெருஞ்செல்வம் படைத்த அரசருள் ஒருவரின் பட்டத்தரசி அவர். அரண்மனை மருத்துவர்களும் பணிப்பெண்களும் அருகிலிருந்தனர். எனினும் பெருகிய உதிரத்தை நிறுத்தும் வழி அக்காலத்தில் எவருக்கும் தெரியவில்லை. பல பேறு கண்ட கருப்பை தளர்ந்து சுருங்காமற்போவதும், அதனால் உதிரம் பெருகுவதும் இன்று ஒவ்வொரு செவிலியும் அறிந்த செய்திகள். அன்று பேரரசனின் கருவூலத்தாலும் அவ்வறிவை வாங்க இயலவில்லை.

இலண்டனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

மும்தாஜின் மரணம் விரைந்து வந்தது. மெல்ல வரும் மற்றொரு வகை மரணம் உண்டு. பேறு நல்லபடியாக முடிந்து, வீட்டார் கவலை நீங்கிய பின்னர் வருவது அது. அதற்குச் சான்றாக 1797 ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த நிகழ்ச்சியைக் கூறலாம்.

மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் என்பவர் பெண்ணுரிமையை நிலைநாட்டி 1792 இல் நூல் எழுதிப் புகழ்பெற்ற அறிஞர். அவர் கணவர் வில்லியம் காட்வின் என்ற எழுத்தாளர். 1797 ஆகஸ்டு 30 ஆம் நாள் இரவு மேரி ஒரு பெண்மகவை ஈன்றார். அருகிலிருந்தவர் ஒரு மருத்துவச்சி. நஞ்சுக்கொடி தானே வெளிவராமையால் மருத்துவர் ஒருவர் வரவழைக்கப்பட்டார். அவர் கையை உட்செலுத்தி அதனைத் துண்டு துண்டாக எடுத்தார். கையைக் கழுவும் வழக்கம் அக்காலத்து மருத்துவரிடம் இல்லை.

அடுத்த இரண்டு நாளில் மேரி சற்றே தேறினார். வீட்டாரின் அச்சம் தணிந்தது. கணவர் தம் அலுவல்களைக் கவனிக்கத் தொடங்கினார். செப்டம்பர் 3 ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை அவர் வெளியே சென்று திரும்பியபோது, மனைவிக்குக் குளிர் நடுக்கம் கண்டிருந்தது. மாலையில் மீண்டும் வந்தது. படுத்திருந்த கட்டிலே அதிரும்படி உடல் நடுங்கியது. அதன் பிறகு புகழ்பெற்ற மருத்துவர் பலர் வந்தனர். பாலைக் கறந்தெடுப்பதற்கு நாய்க்குட்டிகளைக் கொணர்ந்து மார்பில் விட்டனர். ஒன்றும் பயன்படவில்லை. செப்டம்பர் 10 ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. தாயின் முகம் அறியாது வளர்ந்த அப்பெண்ணே பின்னாளில் 'ஃப்ராங்கன்ஸ்டைன்' என்ற புதினத்தை எழுதிய மேரி ஷெல்லி.

ஞாயிற்றுக்கிழமை வந்த அந்தக் குளிருக்கும், மார்கழி மாதத்தில் எங்கள் வீட்டில் கேட்ட அந்தக் குளிருக்கும் வேறுபாடு இல்லை. கருப்பையில் நச்சுக் கிருமிகள் பரவிவிட்டன என்பதை உடல் அறிவிக்கும் மொழி அது.

கையில் வந்த நோய்

வருந்தத்தக்க செய்தி ஒன்று உண்டு. மேரி இறப்பதற்கு இரண்டு ஆண்டுகட்கு முன்பே, 1795 இல், அக்காய்ச்சலின் மருமத்தை ஒருவர் நூலாக எழுதி வெளியிட்டிருந்தார். ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரத்து மருத்துவராகிய அலெக்சாண்டர் கார்டன் என்பவரே அவர். 1789 முதல் 1792 வரை அந்நகரில் பேறுகாலக் காய்ச்சல் பரவியபோது, நோயுற்ற 77 பெண்களின் பட்டியலைத் தயாரித்து, ஒவ்வொருத்திக்கும் பேறு பார்த்தவர் யார் என்றும் குறித்து வைத்தார். அப்பட்டியல் ஓர் உண்மையை வெளிப்படுத்தியது. நோயுற்றவளிடமிருந்து அடுத்த பெண்ணிடம் சென்ற மருத்துவச்சியும் மருத்துவரும் நோயைத் தம்முடனேயே சுமந்து சென்றனர். இன்னாரிடம் பேறு பார்த்துக்கொள்ளப் போகிறாள் என்று அறிந்தால், அவளுக்கு நோய் வருமா என்பதை முன்கூட்டியே சொல்லிவிடக் கூடிய நிலைக்கு அவர் வந்தார். பல பெண்களுக்கு அந்நோயைக் கொண்டு சென்றவருள் தாமும் ஒருவர் என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. ஊரார் அவரை வெறுத்தனர். அவர் நகரத்தை விட்டுக் கடற்படைப் பணிக்குச் சென்று, 1799 இல் மறைந்தார்.

அரை நூற்றாண்டு கழித்து வியன்னா நகரில் இக்கதை மேலும் பெரிய அளவில் நிகழ்ந்தது. அந்நகரப் பொது மருத்துவமனையில் மகப்பேற்றுப் பிரிவுகள் இரண்டு இருந்தன. முதற் பிரிவில் மருத்துவரும் மாணவரும் பேறு பார்த்தனர்; இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகள் பார்த்தனர். 1846 ஆம் ஆண்டில் முதற் பிரிவில் நூற்றுக்கு 11.4 தாய்மார் இறந்தனர்; இரண்டாம் பிரிவில் நூற்றுக்கு 2.8 பேரே இறந்தனர்.

இவ்வேறுபாட்டை அறிஞர் ஆராய்வதற்கு முன்பே நகரத்துப் பெண்கள் அறிந்திருந்தனர். முதற் பிரிவில் சேர்க்க வேண்டா என்று அவர்கள் மண்டியிட்டு மன்றாடினர். வழியிலேயே பிள்ளை பெற்று மருத்துவமனைக்கு வந்த பெண்களுக்கும் இக்காய்ச்சல் குறைவாகவே கண்டது. ஏழைப் பெண்களின் வீண் அச்சம் என்று எண்ணியோர் பலர். அவ்வச்சத்துக்குக் காரணம் இருக்க வேண்டும் என்று எண்ணியவர் ஒருவர். அவர் இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் அங்கேரிய நாட்டு இளம் மருத்துவர்.

1847 மார்ச்சில் அவர் நண்பரான கொலெட்ச்கா என்ற பேராசிரியர், பிணத்தை அறுத்து ஆராயும்போது மாணவரின் கத்தி பட்டுக் காயமுற்று இறந்தார். அவர் உடலில் கண்ட மாறுதல்கள் காய்ச்சலால் இறந்த தாய்மாரின் உடலிற் கண்டவற்றை ஒத்திருந்தன. செம்மல்வைஸுக்கு உண்மை புலனாயிற்று. மாணவர் பிணவறையிலிருந்து நேரே மகப்பேற்று அறைக்கு வந்தனர். மருத்துவச்சிகள் பிணவறைக்குச் செல்வதில்லை. அவ்வாண்டு மே மாதம் முதல், குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவிய பின்னரே எவரும் தாய்மாரைத் தொடலாம் என்று விதித்தார். ஏப்ரல் மாதத்தில் நூற்றுக்கு 18 ஆக இருந்த இறப்பு, ஜூனில் 2 ஆகக் குறைந்தது. 1848 இல் இரண்டு பிரிவுகளும் ஏறத்தாழ ஒரே நிலையை அடைந்தன.

இவ்வளவு தெளிவான சான்று இருந்தும் மருத்துவ உலகம் அவரை ஏற்கவில்லை. 'எம் கைகள் தூயவை. அவை நோய் தருமா?' என்ற செருக்கே தடையாக நின்றது. 1865 இல் மனநோய் விடுதி ஒன்றில் அவர் காயம் சீழ்பிடித்து இறந்தார். 1879 இல் லூயி பாஸ்டர், இக்காய்ச்சல் கண்ட பெண்களிடம் சங்கிலிபோற் கோத்த கிருமிகளைத் தாம் கண்டதைப் பாரிசு மருத்துவக் கழகத்தில் கரும்பலகையில் வரைந்து காட்டிய பிறகே ஐயம் நீங்கத் தொடங்கிற்று.

நம் நாட்டின் நிலை

சென்னையில் அரசாங்க மகப்பேற்று மருத்துவமனை 1844 இல் நிறுவப்பெற்றது. எழும்பூர் மருத்துவமனை என்று நாம் இன்று வழங்குவது அதனையே. 1875 இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களுக்கும் கதவைத் திறந்தது. அவ்வாண்டு சேர்ந்த நால்வருள் ஒருவரான மேரி ஷார்லீப், ஆண் மருத்துவரிடம் செல்ல உடன்படாத குலமகளிர்க்கும் கோஷாப் பெண்களுக்குமென 1885 இல் தோன்றிய மருத்துவமனைக்குக் காரணராய் இருந்தார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூர்பா காந்தி பெயரால் விளங்குவது அதுவே. எழும்பூர் மருத்துவமனையின் முதல் இந்தியத் தலைவராய் விளங்கிய டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் எழுதிய மகப்பேற்று மருத்துவ நூல் நாடெங்கும் மாணவர்க்குப் பாடநூலாயிற்று.

அகில இந்திய அளவில் 1885 இல் டஃபரின் சீமாட்டி நிதி தொடங்கிற்று. 1903 இல் விக்டோரியா நினைவு நிதி ஊர் மருத்துவச்சிகளைப் பயிற்றுவிக்க முற்பட்டது. அக்காலத்து அறிக்கைகளில் பழி முழுவதும் படிப்பறியா மருத்துவச்சியின் மேலேயே சுமத்தப்பட்டது. அழுக்குக் கையும் துருப்பிடித்த அரிவாளும் பல உயிர்களைக் குடித்தன என்பது உண்மையே. எனினும், வியன்னாவில் மரணத்தைச் சுமந்தவை படித்தவர் கைகளே என்பதையும் மறத்தலாகாது. கழுவிய கை, கழுவாத கை என்ற பிரிவே அங்குத் தாய்மாரின் உயிரை நிறுத்தது. நம் மருத்துவச்சியிடம் ஒரு சிறப்பும் இருந்தது. அவள் பத்து நாளும் வந்து தாயைக் குளிப்பாட்டுவாள். வயிற்றைத் தொட்டுப் பார்ப்பாள். உதிரத்தின் நிறத்தையும் மணத்தையும் கவனிப்பாள். மருத்துவமனைப் பேறு வந்த பின் கை தூய்மையாயிற்று. அந்தப் பத்து நாட்பார்வை மறைந்து போயிற்று.

1946 இல் போர் குழுவினர் அளித்த அறிக்கை, இந்நாட்டில் ஆயிரம் பேறுக்கு 20 தாய்மார் இறக்கின்றனர் என்றும், ஆண்டுதோறும் மாயும் தாய்மார் ஏறத்தாழ இரண்டு இலட்சம் என்றும் மதிப்பிட்டது. 2018-20 ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவில் இலட்சம் பேறுக்கு 97 தாய்மார் இறந்தனர், தமிழகத்தில் 54. இலட்சத்துக்கு 2,000 என்ற நிலையிலிருந்து நூற்றுக்கும் கீழே வந்தது பெருஞ்சாதனையே. ஆயினும் இறந்தவள் நம் வீட்டுப் பெண்ணாயின் விழுக்காட்டுக் கணக்கு ஆறுதல் தருமா?

மருந்து வந்தது; காலம் வேண்டும்

1935 இல் ஜெர்மனியில் 'பிராண்டோசில்' என்ற செந்நிற மருந்து வெளியாயிற்று. அதனை இலண்டன் குவீன் ஷார்லட் மருத்துவமனையில் லெனார்ட் கோல்புருக் என்ற மருத்துவர் பேறுகாலக் காய்ச்சலுக்குக் கொடுத்து, 1936 இல் முடிவை வெளியிட்டார். முதலில் மருந்துண்ட 38 பெண்களில் இறந்தவர் மூவரே. பின்னர்ப் பெனிசிலினும் பிற மருந்துகளும் வந்தன. மேரி உல்ஸ்டன்கிராஃப்டைக் கொன்ற நோய்க்கு இன்று மருந்து எளிதிற் கிடைக்கும். ஆனால் குளிர் கண்ட அன்றே கொடுத்தால் காக்கும் மருந்து, மூன்று நாள் கழித்துக் கொடுத்தால் தோற்கக் கூடும். மருந்து பிறந்ததனால் குறியை அறிதலின் தேவை நீங்கவில்லை, முன்னினும் மிகுந்தது. முன்பு குறியை அறிந்தும் செய்வதற்கு ஒன்றுமில்லை. இன்று அறிந்தால் உயிரைக் காக்கலாம்.

உதிரப்பெருக்கிலும் இவ்வுண்மையே விளங்குகிறது. கண்ணால் பார்த்து உதிரத்தை மதிப்பிடுவோர், மருத்துவராயினும் செவிலியராயினும், பெரும்பாலும் குறைவாகவே மதிப்பிடுகின்றனர். துணியில் ஊறியதும் தரையில் வழிந்ததும் கணக்கில் வருவதில்லை. இக்குறையைப் போக்க, அளவுக்கோடுகள் இட்ட பிளாஸ்டிக் உறையொன்றைத் தாயின் அடியில் விரித்து உதிரத்தை அளக்கும் முறை நம் நாட்டுப் பெல்காமில் உருவாயிற்று. அவ்வாறு அளக்கும் உறையைக் கொண்டு ஆப்பிரிக்க நாடுகள் நான்கில் 80 மருத்துவமனைகளில் நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2023 இல் வெளியாயிற்று. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் அடங்குவர். உதிரத்தை அளந்து, பெருக்கென்று கண்டவுடன் வேண்டிய சிகிச்சைகளை ஒருசேரத் தொடங்கிய இடங்களில், கடும் உதிரப்பெருக்கு முதலிய கேடுகள் நூற்றுக்கு 1.6 ஆக இருந்தன. வழக்கமான முறையைப் பின்பற்றிய இடங்களில் 4.3. புது மருந்து ஒன்றும் அங்குக் கண்டுபிடிக்கப்படவில்லை. காலத்தில் கண்டனர், கண்டவுடன் செய்தனர்.

மறைந்து நிற்கும் குறிகள்

காய்ச்சலையும் உதிரத்தையும் ஒருவாறு கண்ணாற் காணலாம். வேறு சில குறிகள் வேற்று வேடத்தில் வரும். பிள்ளை பெற்ற பின் வலிப்பு வந்தால் பேய் பிடித்ததென்று கருதி மந்திரவாதியை அழைத்த காலம் நம் நாட்டில் இருந்தது. 1843 இல் இலண்டன் மருத்துவர் ஜான் லீவர், வலிப்புக் கண்ட தாய்மாரின் சிறுநீரில் புரதம் இருத்தலைக் கண்டார். இரத்த அழுத்தம் மிகுவதே இதன் முன்னோடி என்பது பின்னர்த் தெளிவாயிற்று. பேறு முடிந்த பிறகும் சில வாரம் வரை இது தோன்றலாம். மக்னீசியம் சல்பேட் என்ற மலிவான மருந்தே இவ்வலிப்புக்குச் சிறந்ததென்று இந்தியாவும் பங்குகொண்ட பன்னாட்டு ஆராய்ச்சி 1995 இல் நிறுவியது. தாங்கொணாத் தலைவலியும் கண் மங்கலும் அவ்வலிப்பின் தூதுவர்கள். தூக்கம் போதவில்லை, ஆகையால் தலைவலிக்கிறது என்று தைலம் தடவி விடுவது, எங்கள் வீட்டுக் கம்பளியை ஒத்ததே.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், தாய்ப்பால் காலில் இறங்கிவிட்டது என்று பழைய ஐரோப்பியர் கருதினர். உண்மையில் அது காலின் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்து கட்டியாதல். அக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கே இடராகும்.

மனமும் உடம்பைப் போலவே பச்சையாய் இருக்கும். 1858 இல் பிரெஞ்சு மருத்துவர் லூயி விக்தோர் மார்சே, பேற்றையொட்டி மகளிர்க்கு வரும் மனநோய்களைப் பற்றித் தனிநூல் எழுதினார். 1987 இல் எடின்பரோவில் பத்து வினாக்கள் அடங்கிய பட்டியல் ஒன்று உருவாயிற்று. பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வை அதனால் அறியலாம். அதன் தமிழ் வடிவத்தை வேலூர் மருத்துவர்கள் சோதித்து, பயன்படத்தக்கதென்று 2005 இல் வெளியிட்டனர். 'பிள்ளையைப் பெற்றுவிட்டு அழுகிறாளே' என்று இடித்துரைக்கும் முன், அழுகையும் ஒரு குறியாகலாம் என்று நினைத்தல் நன்று.

நம் குடியிருப்பில்

முன்னாளில் வளைகாப்பு முடிந்ததும் மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்வர். மூன்று தலைமுறைப் பெண்கள் சூழ்ந்திருக்க அவள் உடல் தேறும். தமிழகத்தை விட்டு நெடுந்தொலைவில் வாழும் நமக்கு அவ்வாய்ப்பு எப்போதும் கிட்டுவதில்லை. பேறு இங்கேயே நடக்கிறது. ஊரிலிருந்து அம்மா வருகிறார்; திரும்புவதற்கும் சீட்டுப் பதிவு செய்துகொண்டே வருகிறார். அவரை ரயிலேற்றிவிட்டு வந்த அன்று மாலை, அந்த வீட்டில் இளந்தம்பதியரும் கைக்குழந்தையுமே இருப்பர். கணவருக்கோ ஒன்றும் தெரியாது. 'தீட்டு' என்ற சொல்லுக்குப் பின்னே உதிரத்தைப் பற்றிய பேச்சு முழுவதையும் ஆடவர் காதில் விழாமல் மறைத்து வைத்திருக்கிறோம். மறைத்த பொருளை எப்படி அவர் அறிவார்?

ஆகவே ஆடவரும் பெண்டிரும் அறிய வேண்டிய குறிகளை ஈண்டுத் தொகுத்துரைப்போம். ஒரு மணி நேரத்துக்குள் துணியோ நாப்கினோ முழுதும் நனைதல்; கோழிமுட்டை அளவு இரத்தக் கட்டிகள் விழுதல்; குறைந்துவந்த உதிரம் மீண்டும் பெருகுதல்; எழுந்தால் மயக்கம், நெஞ்சுப் படபடப்பு. உடல் வெப்பம் 100.4 பாரன்ஹீட்டும் அதற்கு மேலும் ஏறுதல், குளிர் நடுக்கம், உதிரத்தில் துர்நாற்றம், அடிவயிற்றில் மிகுந்த வலி, தையல் போட்ட இடமோ மார்போ சிவந்து வீங்கி வலித்தல். கடும் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, வலிப்பு. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி. தன்னையோ குழந்தையையோ மாய்க்கும் எண்ணம், பொருந்தாப் பேச்சு, பல நாள் நீங்காத பெருஞ்சோர்வு. இவற்றுள் ஒன்று காணினும் விடியட்டும் என்று காத்திருத்தல் தகாது. உதிரப்பெருக்கு, வலிப்பு, மூச்சுத் திணறல், உயிரை மாய்க்கும் எண்ணம் ஆகியவை கண்டால் ஒரு நொடியும் தாழ்த்தலாகாது.

மருத்துவமனையை அடைந்ததும் முதலிற் சொல்ல வேண்டியது, 'இவள் பிள்ளை பெற்று இத்தனை நாள் ஆயிற்று' என்பதே. அவசரப் பிரிவில் இருப்பவர் அதனை அறியார். இவ்வூர் மொழியில் அதைச் சொல்லும் வாக்கியத்தைக் கணவரும் மாமியாரும் முன்கூட்டியே கற்றுக்கொள்ளட்டும். பேற்றுக்குச் சென்ற மருத்துவமனை கொடுத்த காகிதங்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். 2011 இல் நடுவண் அரசு தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி, அரசு மருத்துவமனைகளில் பேற்றுக்குப் பின் 42 நாள் வரை தாயின் சிகிச்சைக்கும் மருந்துக்கும் கட்டணம் இல்லை என்பதையும், நம் வீடுகளில் வேலை செய்யும் சகோதரிகளுக்கும் சேர்த்தே தெரிவிப்போம்.

தாய்மாரின் மரணத்தை ஆராய்ந்தோர் 1994 இல் மூன்று தாமதங்களை எடுத்துக் காட்டினர். சிகிச்சை வேண்டும் என்று முடிவு செய்வதில் தாமதம். மருத்துவமனையை அடைவதில் தாமதம். அடைந்த பின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். பின்னிரண்டும் சாலையையும் அரசையும் மருத்துவரையும் பொறுத்தவை. முதலாவது நம் வீட்டுக் கூடத்தில் நிகழ்வது. அதனை நீக்குவதற்குப் பொருள் வேண்டா, பெருங்கல்வியும் வேண்டா. நம் சங்கத்து மூத்த பெண்மணிகள், பிள்ளை பெற்றவள் இருக்கும் வீட்டுக்கு முறைவைத்து நாள்தோறும் சென்று, அவளைத் தனியே வைத்து, 'உனக்கு எப்படியம்மா இருக்கிறது?' என்று கேட்டால் போதும். குழந்தையைப் பார்க்க வருவோர் பலர். தாயைப் பார்க்க வருவோர் சிலரேனும் வேண்டும்.

வியன்னாப் பெண்கள் மன்றாடினர்; எவரும் செவிசாய்க்கவில்லை. என் பாட்டியாரின் தங்கை குளிருகிறது என்றார், கம்பளி வந்தது. அவ்வீட்டார் அன்பில்லாதவர் அல்லர்; இருந்தவற்றுள் நல்ல கம்பளியையே தேடி எடுத்துப் போர்த்தியிருப்பர். அவ்வன்போடு அறிவும் சேர்ந்திருந்தால், அவர் தம் பிள்ளையின் திருமணத்தையும் கண்டிருப்பார். இனி நம் குடியிருப்பில் ஒரு பெண் 'எனக்கு ஏதோ சரியாயில்லை' என்று சொல்லுங்கால், அச்சொல்லையே முதற்குறியாகக் கொள்வோமாக.